ஏழாம் நம்பர் பாடிக்கு முப்பது மீட்டர்

நூறு பங்கு சிக்னல் ஆன்டெனாவில் விழுந்தால் கீழே வானொலிப் பெட்டிக்கு வந்து சேர்வது பதினெட்டு பங்குதான். ஞானசிகாமணி மூன்று தடவை அளந்து பார்த்தார். மீட்டர் பிடிவாதமாக அதையே காட்டியது. மீதி எண்பத்திரண்டும் முப்பது மீட்டர் கேபிளுக்குள்ளேயே செத்துப்போயிருந்தது.

அவர் மலைப் பாதுகாப்பு வாரியத்தில் டெக்னீஷியன். வயது நாற்பத்தாறு. கருங்கானம் மலையில் ஆறு இடங்களில் செயற்கைக்கோள் வானொலி பொருத்துவது அவர் பொறுப்பு. ஐந்து முடிந்திருந்தது. கடைசி இடம் இந்த ஏழாம் நம்பர் பாடி. எஸ்டேட் லைன் வீடுகளை அங்கே பாடி என்றுதான் சொல்வார்கள்.

எஸ்டேட் மூடி ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்ட ஆரம்பித்த பிறகு மலைப்பாதை நான்கு இடத்தில் அறுந்துபோனது. யாரும் திரும்பப் போடவில்லை. செல்போன் கம்பெனிகள் டவர்களைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டன. தொழிலாளிகளுக்குச் சமவெளியில் வீடு கொடுத்தார்கள். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் அங்கே மாறியது. வேலை மட்டும் அங்கே இல்லை. அதனால் பாதிப் பேர் திரும்ப ஏறி வந்து, கேட்பாரற்றுக் கிடந்த தோட்டத்தில் இலை பறித்து, கழுதைமேல் ஏற்றிக் கீழே அனுப்பிப் பிழைத்தார்கள். அரசாங்கத்தின் கணக்குப்படி மலையில் யாருமே இல்லை.

அவர்களை விரட்டவும் முடியாமல் விட்டுவிடவும் முடியாமல் வாரியம் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பெட்டி. மழை ஓர் அளவைத் தாண்டினால் மேலிருந்து ஒரு பெண்குரல் ஒவ்வொரு பெட்டியையும் மணிக்கொரு முறை கேட்கும்: "இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" பத்து நிமிஷத்துக்குள் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தினால் நின்ற இடத்திலிருந்தே எழும்பி இறங்கக்கூடிய மீட்பு விமானம் வரும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'தூக்கி'. மொத்தம் முப்பத்தொரு பெட்டிகளுக்குத் தூக்கி இரண்டே இரண்டு. எது எங்கே போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். பதில் வராத இடத்தில் ஆள் இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும்.

"என்ன சார், மொகம் சரியில்லையே?" என்றாள் அருளாயி.

ஏழாம் நம்பரில் பெட்டியைப் பார்த்துக்கொள்ள அவளைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து நியமித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வயது. இலை பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்துப் போனவள். பெட்டிக்கென்று வீட்டின் முன்னறையில் ஒரு பலகை அடித்து, அதற்குமேல் மஞ்சள் துணி விரித்து வைத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒயரைப் பத்தி யோசிக்கிறேன்."

"ஒயர்ல என்ன?"

"தண்ணிக் குழாய் ஒழுகுற மாதிரி ஒயர்ல போற சிக்னலும் வழியில ஒழுகும். ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நஷ்டம். எவ்வளவு சன்னமோ அதுக்கு மேல நஷ்டம். நான் கட்டைவிரல் தடிமன்ல கேட்டேன். அதுல பாதியாவது வந்து சேரும். ஆறு இடத்துக்கும் அனுப்பியிருக்கறது டிஷ் டிவிக்குப் போடறது."

"இப்ப பெட்டி பேசுதா இல்லியா?"

"பேசுது. வெயில் அடிக்குதில்ல."

பாடி இருந்தது ஒரு பள்ளத்தில். சுற்றிலும் மரம். வானம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பின்னாலிருந்த மேட்டுக்கு ஏற வேண்டும். ஆன்டெனாவை அங்கேதான் நட்டிருந்தார். பெட்டியையும் மேட்டுக்கே கொண்டுபோனால் மூன்று மீட்டர் கேபிள் போதும், எந்தக் கேபிளானாலும் பரவாயில்லை. ஆனால் பெட்டி பூட்டுப் போட்ட கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. மேட்டில் கட்டடம் இல்லை.

அவர் பெட்டியின் சர்வீஸ் பொத்தானை அழுத்திக் கீழே அலுவலகத்தைக் கூப்பிட்டார். உதவி இயக்குநர் சுதன் பேசினார். முப்பத்திரண்டு வயது, குரலில் எப்போதும் ஓர் அவசரம்.

"தடி கேபிள் துறைமுகத்துல கெடக்கு, சிகாமணி. வந்து சேர ரெண்டு மூணு மாசம் ஆகும். ஜூன் ஒண்ணாந் தேதி எல்லா இடமும் ஆன் ஆகணும். உங்க டெஸ்ட் பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்தான் சார். ஆனா இது வெயில்ல எடுத்த டெஸ்ட். மழை பெஞ்சு மரமெல்லாம் நனைஞ்சா இந்தப் பதினெட்டும் நிக்காது."

"ஃபார்ம்ல வெயிலா மழையான்னு கேட்டிருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? பெட்டியே வைக்காம வந்துடலாமா, சொல்லுங்க. எது நல்லது?"

பெட்டி இல்லாததைவிடப் பெட்டி இருப்பது நல்லதுதான் என்றே அவருக்கும் தோன்றியது. 'திருப்தி' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். கேபிளின் இரு முனையிலும் ஈயச் சீல் வைத்தார். முந்தைய திட்டத்தில் கண்டவர்களும் கேபிளை வெட்டி டிவிக்கு இழுத்துக்கொண்டதால் இந்தத் தடவை சீல் கட்டாயம்.

"இதைப் பாத்துக்கங்க அருளாயி. ஒயர்ல யாரும் கை வைக்கக் கூடாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பெட்டிய இடம் மாத்தக் கூடாது. சீல் உடைஞ்சா கேஸ் ஆயிடும்."

"நான் இருக்கறப்ப எவன் தொடுவான்?" என்றாள். பிறகு, "ஒயரு சரியான ஒயருதானே சார்?" என்று கேட்டாள்.

சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே யாராவது நோண்டிப் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்தார்.

"சரியான ஒயர்தாம்மா," என்றார்.

கிளம்பும்போது அருளாயி காபி கொடுத்தாள். பாடியில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். "நாப்பது. மகளுக்கு நிறைமாசம்," என்று சிரித்தாள். ஃபார்மில் அதை எழுத இடமில்லை.

ஜூலை பத்தொன்பதாம் தேதி விடியும்போதே மழை அளவைத் தாண்டிவிட்டது. ஏழு மணிக்கு ஞானசிகாமணி அலுவலகத்துக்கு ஓடினார். சுவர் முழுக்க மலையின் வரைபடம். பதில் சொன்ன இடங்கள் பச்சையாக எரிந்தன. ஒவ்வொரு பச்சைக்குப் பக்கத்திலும் ஓர் எண். அவர் பொருத்திய ஆறில் ஐந்து பச்சை. ஏழாம் நம்பர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் பூஜ்யம்.

எட்டு மணிக்கும் அப்படியே. ஒன்பதுக்கும் அப்படியே.

"சார், ஏழாம் நம்பர்ல ஆள் இருக்காங்க," என்றார் சுதனிடம்.

சுதன் திரும்பிப் பார்க்கவில்லை. "பதில் வரலியே. இறங்கிப் போயிருப்பாங்க."

"போயிருக்க மாட்டாங்க சார். நான் போனப்பவே நிறைமாசமா ஒருத்தி இருந்தா அங்க."

இப்போது சுதன் திரும்பினார். ராத்திரி முழுவதும் தூங்காத கண்கள். "முப்பது இடத்துலேருந்து கூப்பிடறாங்க, சிகாமணி. எங்கிட்ட இருக்கறது ரெண்டு. கூப்பிடாத இடத்துக்கு ஒண்ண அனுப்பினா, கூப்பிடற எந்த இடத்தை விடறது? நீங்களே கை வச்சுக் காட்டுங்க."

வரைபடத்தில் முப்பது பச்சைகள் இருந்தன. ஞானசிகாமணி கையைத் தூக்கவில்லை.

"கேபிள்ல கோளாறு இருக்கலாம் சார்," என்றார் மெல்ல.

"அதுல திருப்தின்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

நான்தான், தெரிந்தேதான் போட்டேன், அந்தக் கேபிள் மழைக்கு ஆகாது, அங்கே நாற்பது பேர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அறை முழுவதும் கேட்கும்படி அவர் கத்தியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தார். அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே இறங்கிப் போயிருப்பார்களோ என்றும் அந்த நொடியில் ஒரு நினைப்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி சார்," என்றார்.

காலை பத்தே முக்காலுக்கு ஏழாம் நம்பர் பாடிக்கு மேலிருந்த சரிவு மொத்தமாக இறங்கியது. வீட்டு வரிசைகளைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய் ஆற்றுப் பள்ளத்தில் கொட்டியது.

மறுநாள் வாரியத்தின் அறிக்கை வெளிவந்தது. முப்பது இடங்களிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் மீட்கப்பட்டார்கள். ஆளில்லாத ஓர் இடத்தில் மண் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. சுதனைப் பாராட்டி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் தோண்ட எதற்கு என்று மண் அள்ளும் இயந்திரம் எதுவும் அனுப்பப்படவில்லை.

மலையில் மறுபடி கால் வைக்க முடிந்ததும் ஞானசிகாமணி தன் பெட்டிகளைச் சோதிக்கப் போனார். மீட்கப்பட்டவர்கள் அதற்குள் திரும்ப ஏறி வந்திருந்தார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? முதலில் நான்காம் நம்பர் பாடி. அது ஏழாம் நம்பருக்கு எதிர்ச்சரிவில், நடுவே ஆற்றுப் பள்ளம். அங்கே பெட்டிக்காரி குருவம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவள், யாருக்கும் அடங்காத பேச்சு. ஆனால் அன்றைக்கு அவரைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டி எங்கம்மா?"

"இருக்கு."

"எங்க?"

அவள் மேட்டைக் காட்டினாள். அவர் ஏறிப் போனார். ஆன்டெனா கம்பத்தின் அடியில் நான்கு மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதற்குள் கவிழ்த்துவைத்த நீல நிறத் தண்ணீர் டிரம். டிரம்முக்குள் பெட்டி. சீலைக் காணோம். கேபிள் இரண்டு மீட்டருக்கு வெட்டப்பட்டு, முனையில் சுத்தமாக கனெக்டர் மாட்டியிருந்தது. மீதி இருபத்தெட்டு மீட்டரில் கீழே துணி காய்ந்துகொண்டிருந்தது.

குருவம்மா மூச்சு வாங்கப் பின்னால் வந்து நின்றாள். "கேஸ் போடறதுன்னா போட்டுக்கங்க. ஜூன் மாசம் மொத மழையிலயே பெட்டி ஊமையாயிடுச்சு. தூக்கிட்டு மேல வந்து பார்த்தோம், நல்லா பேசுச்சு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

"கனெக்டர் யாரு மாட்டினது?"

"டிஷ் டிவி ஒயருதானே சார். அது எங்களுக்குத் தெரியாதா?"

மற்ற நான்கு பாடிகளிலும் இதே கதைதான். ஓரிடத்தில் பெட்டி மாட்டுத்தொழுவத்துத் தகரத்துக்கு அடியில் இருந்தது, இன்னோரிடத்தில் பாறை இடுக்கில். ஐந்து இடத்திலும் சீல் உடைந்திருந்தது. இலை ஏற்றிப் போகும் கழுதைக்காரர்கள் மூலமாகச் செய்தி மலை முழுக்கப் பரவியிருக்கிறது. அவருடைய ஐந்து பாடிகளையும் காப்பாற்றியது வாரியமோ அவரோ அல்ல. சொன்ன பேச்சைக் கேட்காத ஜனங்கள்தான்.

அவர் மறுபடி நான்காம் நம்பருக்கு வந்தார். கேட்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். முடியவில்லை.

"ஏழாம் நம்பருக்கு இது தெரியாதா குருவம்மா?"

"தெரியாம என்ன. நானே போய்ச் சொன்னேன்." அவள் பள்ளத்துக்கு அப்பால் பார்த்தபடி பேசினாள். "பெட்டிய மேல கொண்டு போடின்னேன். அவ மாட்டேன்னுட்டா. சாரு கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, சரியான ஒயருன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காருன்னா. ஒயரை எலி கடிக்கும்னு மூங்கிலப் பொளந்து முப்பது மீட்டருக்கும் மூடி வச்சிருந்தா சார் அவ."

ஞானசிகாமணி பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காலம்பற பனி கொஞ்சம் விலகினப்ப பார்த்தோம். பாத்திரத்தைத் தட்டிக்கிட்டு வெளிய நின்னுக்கிட்டிருந்தாங்க. எங்களை ஏத்த வந்த தூக்கியில ஒரு பொண்ணு இருந்துச்சு, ஓட்டற பொண்ணு. அதுகிட்ட சொன்னேன், அந்தப் பக்கம் ஜனங்க இருக்காங்கன்னு. அது ஸ்கிரீனைப் பார்த்துட்டு, அங்க யாருமில்லம்மா, நீங்க ஏறுங்கன்னுச்சு."

"நாப்பது பேர்," என்றார் அவர், தனக்குத்தானே.

"நாப்பத்தொண்ணு. மே மாசக் கடைசியில அருளாயி மகளுக்குப் பொறந்துச்சு. பொம்பளப் புள்ள."

அலுவலகத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். தன் கையெழுத்தைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினார். சுதன் இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துப்போனது. ஆனால் அதை மேலே அனுப்பவில்லை.

"இதுக்கு ஆதாரம் எங்க சிகாமணி? பெட்டி மண்ணுக்குள்ள போயிடுச்சு. கார்டுல அவங்க எல்லாரும் கீழே சமவெளியில குடியிருக்காங்க. அந்தக் குருவம்மாவ சாட்சிக்குக் கூப்பிட்டா சீல் உடைச்சதுக்கு அவ மேல கேஸ் வரும். அஞ்சு பாடி மேலயும் வரும். வேணுமா?"

இரண்டு நாள் கழித்துத் துறைமுகத்திலிருந்து தடி கேபிள் வந்து சேர்ந்தது. கூடவே ஓர் உத்தரவு: கடந்த மழையில் பதில் வராத இடத்தில் மட்டும் கேபிளையும் பெட்டியையும் மாற்றவும். பதில் வராதது ஏழாம் நம்பர் ஒன்றுதான்.

"அங்க யாருக்கு சார் போடறது?" என்றார் ஞானசிகாமணி.

"பேப்பர்ல அந்த நம்பர்தான் இருக்கு," என்றார் சுதன். குரலில் அவசரம் இல்லை. "போட்டுட்டு வந்துடுங்க."

கேபிள் சுருளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு அவர் முதலில் போனது குருவம்மாவிடம்தான். உத்தரவு கிடக்கட்டும், உயிரோடு இருப்பவர்களுக்காவது இது பயன்படட்டும் என்று நினைத்தார். பெட்டி நனையாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், மழையில் மேட்டுக்கு ஓட வேண்டாம் என்று விளக்கினார். குருவம்மா அந்தத் தடித்த கறுப்புக் கேபிளைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வேண்டாம் சார். எங்களுக்கு டிரம்மே போதும்."

"இது நல்ல ஒயர் குருவம்மா. நானே பொறுப்பு."

"நீங்க பொறுப்பு எடுத்துக்கிட்டவங்களத்தான் அந்தப் பக்கம் பார்த்தோமே," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி மதியம், தூறலில், ஏழாம் நம்பரில் தனியாக வேலை செய்தார். மேட்டில் ஆன்டெனா அப்படியே நின்றிருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் செம்மண் சரிவு. அதற்கு இந்தப்புறம், இலை நிறுக்கும் பழைய ஷெட் மட்டும் தப்பியிருந்தது. புதுப் பெட்டியை அதற்குள் வைத்தார். கேபிளை எங்கும் முறியாமல் அகல வளைவாக இழுத்தார், மூட்டுகளில் மூன்று சுற்று டேப் ஒட்டினார், தண்ணீர் உள்ளே இறங்காமல் முனையைச் சற்றுத் தொங்கவிட்டு ஏற்றினார். இவ்வளவு ஒழுங்காக அவர் எங்குமே வேலை செய்ததில்லை. மீட்டரை வைத்தார். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. மரமெல்லாம் நனைந்து நின்றும் ஐம்பத்திரண்டு.

மணி இரண்டு. மழை எச்சரிக்கை இன்னும் விலக்கப்படவில்லை. பெட்டி கணீரென்று கேட்டது: "இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

பூஜ்யத்தை அழுத்தினால் வேலை முடிந்தது. அவர் ஷெட்டின் வாசல் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிஷங்கள் போயின. பிறகு குனிந்து நான்கை அழுத்தினார். ஒன்றை அழுத்தினார்.

"நாற்பத்தொரு பேர். வந்துகொண்டிருக்கிறோம்," என்றது பெட்டி.

எட்டு நிமிஷத்தில் தூக்கி வந்தது. மேட்டைத் தாண்டித் தாழ்ந்து, தூறலைச் சிதறடித்துக்கொண்டு ஷெட்டுக்கு முன்னால் இறங்கியது. கதவு திறந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி குதித்தாள். பின்னால் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள்.

"ஜனங்க எங்க சார்? நாப்பத்தொரு பேர்னு வந்திச்சே?"

ஞானசிகாமணி செம்மண்ணைக் காட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏமாற்றப்பட்ட கோபம் முகத்தில் ஏறியது. "பொய்யாக் கூப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? யார் கூப்பிட்டது?"

"அவங்கதாம்மா. பதினெட்டு நாளைக்கு முன்னால கூப்பிட்டாங்க. நான் போட்ட ஒயர் சரியில்ல. இன்னைக்குத்தான் உங்களுக்குக் கேட்டிருக்கு."

ஸ்ட்ரெச்சர் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஆற்றுப் பள்ளத்தைப் பார்த்தாள், எதிர்ச்சரிவில் நான்காம் நம்பரின் கூரைகளைப் பார்த்தாள், மறுபடி இந்தச் சரிவைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அன்னைக்கு அந்தப் பக்கம் வந்தது நான்தான்," என்றாள். "ஒரு அம்மா சொன்னாங்க."

போகும்போது அவள் பயணக் குறிப்பில் பொய் அழைப்பு என்று எழுதவில்லை. 'ஏழாம் நம்பர் பாடி. அழைத்தவர்கள் நாற்பத்தொருவர். மீட்கப்பட்டவர்கள் இல்லை' என்று எழுதினாள். அதைத் திருத்தச் சொல்லிப் பிறகு எவ்வளவோ வற்புறுத்தினார்கள். அவள் திருத்தவில்லை.

ஞானசிகாமணியை அந்த வாரமே சஸ்பெண்ட் செய்தார்கள். மீட்பு விமானத்தை வீணாக வரவழைத்த குற்றத்துக்கு விசாரணை இன்னும் நடக்கிறது. வேலை போவது நிச்சயம். குற்றப்பத்திரிகையோடு அந்தப் பயணக் குறிப்பையும் இணைத்திருக்கிறார்கள். அந்தப் பாடியில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள் என்று வாரியத்தின் முத்திரையோடு எழுதப்பட்ட காகிதம் அது ஒன்றுதான். வழக்கை எதிர்த்து வாதாடச் சொல்லி வக்கீல் வற்புறுத்தினார். வாதாடி ஜெயித்தால் வழக்கோடு சேர்ந்து அந்தக் காகிதமும் தள்ளுபடியாகிவிடும் என்று தெரிந்ததும், குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.